முன்பின் மாறிய இரண்டு பெயர்கள்

2004ஆம் ஆண்டு. மருதானை புகையிரத நிலையத்திற்கு அண்மையில் ஒரு சிறிய அறை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்த என் கட்டுரைகளை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு பாமினி. அது இல்லாத கணனியில் 'தமிழ்' என்ற சொல்லே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

மாற்றித்தரும் சிறு செயலியொன்றை இளைஞர் ஒருவர் சி மொழியில் எழுதித் தந்திருந்தார். கறுப்புத் திரையில் செயலியின் பெயர், பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர் என வரிசையாக எழுதவேண்டும். பின்னிரண்டையும் நான் இடம்மாற்றி எழுதிவிட்டேன். வாசிக்கவேண்டிய கோப்பு உண்டா என்று பாராமலே, இரண்டாவதாக நின்ற கோப்பை எழுதுவதற்குத் திறந்து வெறுமையாக்கிவிட்டது செயலி. போனவை, கொழும்பு அச்சகங்களில் ஈயவெழுத்துக் கோத்த முதியவர்கள் ஐவருடன் நான் நடத்திய நேர்காணல்கள். அவர்களுள் இருவர் அப்போது உயிருடன் இல்லை. பிரதியும் இல்லை.

"ஐயா, எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரியாது. முதலாவது, இரண்டாவது என்றுதான் தெரியும்" என்றார் இளைஞர்.

யூனிக்ஸ் உலகம் இதனை முன்பே பட்டறிந்திருந்தது. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலின்படி, கட்டளை வரியிலிருந்து செயலிக்குக் கிடைப்பவை இரண்டே: சொற்களின் எண்ணிக்கை, அச்சொற்களின் வரிசை. பொருள்கொள்வது நிரல் எழுதுபவரின் பாடு. ஆளுக்கொரு விதமாகவே பொருள்கொண்டார்கள். சிறுகோட்டுடன் ஓரெழுத்தை முன்னே இட்டு, பின்வருவது இன்னதென அறிவிக்கும் வழக்கத்தை ஒழுங்குசெய்ய உதவியது 'கெட்ஆப்ட்' என்னும் துணைநிரல். 1985இல் டல்லாஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி நிறுவனம் அதன் மூலநிரலைப் பொதுவில் வழங்கியது. திஸ்கியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றவல்ல 'ஐகான்வ்' கட்டளையும் எதிலிருந்து, எதற்கு என்பதை 'எஃப்', 'டி' என்ற எழுத்துகளாலேயே கேட்கிறது. அவற்றை முன்பின்னாக எழுதினாலும் பிழையில்லை.

நம் இலக்கணம் படித்தவர்க்கு இது புதிதன்று. 'புலி மானைக் கொன்றது' என்பதை 'மானைப் புலி கொன்றது' எனத் திருப்பினாலும் இறந்தது மான்தான். 'ஐ' உருபு காத்துநிற்கிறது. உருபு மறைந்த 'புலி கொல் யானை'யில் கொன்றது எது, இறந்தது எது என்று தொல்காப்பிய உரைகாரர்களே ஆராய வேண்டியிருந்தது. என் கட்டளை வரியும் உருபில்லாத தொடர்தான். ஆராய்வதற்கு அங்கே உரைகாரர் எவரும் இல்லை.

இளைஞர் மறுவாரமே செயலியைத் திருத்தினார். இரு கோப்புகளுக்கும் குறியெழுத்துகள் வந்தன. எழுதவேண்டிய கோப்பு முன்பே இருந்தால், கேளாமல் தொடாது. உயிருடனிருந்த மூவரையும் நான் மீண்டும் சந்தித்து எழுதினேன். மற்ற இருவரைப் பற்றி என் குறிப்பேட்டில் எஞ்சியிருப்பவை அவர்களுடைய பெயரும் பிறந்த ஊரும் மட்டுமே.