இளைப்பாறுவதற்கு ஓர் ஊர்

ஓய்வுபெற்றபின் எங்கே வாழப்போகிறீர்கள் என்று 1960களில் கொழும்பிலே பணிபுரிந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரை எவரும் கேட்பதில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் ஏறி அவர் ஊருக்குச் செல்வார். கொழும்பு உழைக்கும் இடம். யாழ்ப்பாணம் இளைப்பாறும் இடம்.

1983 யூலை வன்முறையின்போதும் அகதிகளைக் கப்பல்கள் வடக்கிற்கே ஏற்றிச் சென்றன. ஆனால், 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். கணக்குத் தலைகீழாயிற்று. முதியோர் வெள்ளவத்தை நோக்கி வந்தனர். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் காலி வீதியின் இருபுறமும் தொடர்மாடிகள் எழுந்தன.

வந்தோருக்குத் துணையாக 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருந்தன. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருந்தது. கொட்டாஞ்சேனையில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் இருந்தது.

பாதுகாப்பு மட்டும் உறுதியாக இருக்கவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினர். முதியோரும் அவர்களுள் அடங்குவர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நகரம் எவருக்குரியது என்ற கேள்வி மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. நண்பர் சிலர் திரும்பினர். வைத்தியசாலையையும் விமான நிலையத்தையும் எண்ணிப் பலர் தங்கிவிட்டனர், நானும் தங்கினேன். பருவகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெள்ளவத்தைச் சந்தைக்கு வரும். விலை கேட்காமலே வாங்குவேன்.