பிள்ளைகளுக்கு ஏற்ற அக்கம்பக்கம்

வீடு வாங்கப் புறப்படுகிறவருக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: வீட்டைப் பார்ப்பதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பார். பள்ளிக்கூடம் எப்படி, பிள்ளைகள் தெருவில் இறங்கி விளையாட முடியுமா, சுற்றிலும் இருப்பவர்கள் குடும்பத்தோடு வாழ்கிறவர்களா? மிக இயல்பான கேள்விகள். இயல்பாக இருப்பதாலேயே இவற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்த வரலாறு அரசின் கையேடுகளிலும் வாடகைப் பத்திரங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் எழுத்தில் பதிவாகிக் கிடக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்கள் மணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் நிறுவனம் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. தொழிற்சாலையில் கார் ஊர்ந்து செல்ல, தொழிலாளர் நிற்பார்கள். இங்கே வீடு நிற்க, தொழிலாளர் நகர்ந்தார்கள். ஒரு குழு அடித்தளம் போடும், அடுத்த குழு சட்டம் நிறுத்தும், இன்னொரு குழு வண்ணம் மட்டும் பூசும். 1951க்குள் 17,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. முதலில் மாதம் 60 டாலர் வாடகை. 1949 முதல் 7,990 டாலருக்கு விற்பனை. பூங்கா, நீச்சல் குளம், விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது, வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது என்றெல்லாம் விதிகளும் உண்டு. (நம்மூர் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு இந்த யோசனை எப்படித் தோன்றாமல் போயிற்று என்பது வியப்புக்குரியதே.)

இந்த விதிகளோடு சேர்ந்து இன்னொரு விதியும் பத்திரத்தில் இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இவ்வீட்டைப் பயன்படுத்தவோ அதில் குடியிருக்கவோ கூடாது; வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. கறுப்பினத்தவரை முன்னிட்டு எழுதப்பட்டதுதான் என்றாலும், அந்தச் சொற்களின்படி நமக்கும் அங்கே இடமில்லை.

இது ஒரு வணிகரின் தனிப்பட்ட வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வில்லியம் லெவிட் ஒரு யூத ரபியின் பேரர்; ஒதுக்கப்படுதல் என்றால் என்ன என்று அறியாத குடும்பமல்ல. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது என்பதே அவர் சொன்ன நியாயம். அவருக்குப் பின்னால் அரசு நின்றது. அடமானக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடு, பத்திரங்களில் இனக் கட்டுப்பாடு இருப்பதைப் பரிந்துரைத்தது. பொருந்தாத இனத்துப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப நேர்ந்தால், அந்த வட்டாரத்தின் மதிப்பு நிலைக்காது என்றும் கூறியது. நல்ல பள்ளி, நல்ல அக்கம்பக்கம், நிலைக்கும் வீட்டு விலை ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டவர்கள் இக்கையேட்டை எழுதிய அதிகாரிகள். இன்று வீடு தேடுகிறவர்கள் கையில் இருப்பதும் அதே முடிச்சு என்பதே நம் எண்ணம்.

1948இல் ஷெல்லி - க்ரேமர் வழக்கில், இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி பத்திரத்திலிருந்து பின்னர் மறைந்தது, வழக்கம் மறையவில்லை.

1952இல் பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்தில் இரண்டாவது லெவிட்டவுன் தொடங்கியது. மொத்தம் 17,311 வீடுகள். முதல் ஊரைவிட இது கவனமாகத் திட்டமிடப்பட்டது. சிறுவர்கள் பெருஞ்சாலையைக் கடக்காமலே நடந்து போகும்படி தொடக்கப்பள்ளிகள் குடியிருப்புகளின் நடுவே அமைக்கப்பட்டன. பிள்ளைகளை மனத்தில் வைத்து வரையப்பட்ட ஊர் என்று இதைச் சொல்வதில் மிகை இல்லை.

1957 ஆகஸ்டில் வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் தம்பதியர் இங்கே டீப்கிரீன் லேனில் ஒரு வீடு வாங்கிக் குடிவந்தார்கள். கணவர் போரில் பணிபுரிந்தவர். மனைவி கல்லூரியில் படித்தவர். சிறு பையன்கள் இருவர், கைக்குழந்தையாக ஒரு பெண். குடும்பம் பெருகியதால் இடம் போதவில்லை. அதனால் பெரிய வீடு தேடினார்கள். அக்கம்பக்கத்தவர் ஒவ்வொருவரும் லெவிட்டவுனுக்கு வந்த காரணமும் இதுவேதான். ஆனால் மயர்ஸ் குடும்பத்தினர் கறுப்பர்கள்.

அன்று மாலையே வீட்டின் முன் கூட்டம் கூடியது. கற்கள் பறந்தன, முகப்புச் சன்னல் உடைந்தது. இது ஓரிரவோடு முடியவில்லை. அடுத்தடுத்த இரவுகளிலும் கூட்டம் வந்தது. காவலர் ஒருவர் கல்லடி பட்டு நினைவிழந்தார். மாநிலக் காவல்படை வரவேண்டியிருந்தது. மயர்ஸ் குடும்பத்துக்குத் துணைநின்ற பக்கத்து வீட்டு யூதத் தம்பதியரான லூ, பீ வெக்ஸ்லர் வீட்டுச் சுவரில் க்ளூ க்ளக்ஸ் க்ளான் எழுத்துகள் பூசப்பட்டன. பின்வீட்டை வாடகைக்குப் பிடித்து, தெற்கு மாநிலங்களின் போர்க்கால கொடியை ஏற்றி, இரவு பகலாக உரக்கப் பாட்டு வைத்தார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத் தடையாணை பெற்ற பிறகே இத்தொல்லை அடங்கியது.

அவ்வாண்டே எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள். நம்மைத் தொந்தரவு செய்வது அவர்கள் பேச்சின் சாந்தம்தான். கல்லெறிகிறவர்களின் முகம் அல்ல அது. சேமிப்பையெல்லாம் வீட்டில் போட்ட, பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோரின் முகம். வீட்டு விலை, பள்ளிக்கூடம், நாளைக்கு நம் பெண் யாரை மணப்பாள் என்று பேச்சு போகிறது. இவற்றில் முதல் இரண்டையும் நாம் இன்றும் விருந்துகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்றாவதையும்கூட, சற்றுத் தணிந்த குரலில்.

மயர்ஸ் குடும்பம் நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து 1961இல் வேறு ஊருக்குப் போயிற்று. 1999இல் அப்பகுதியின் மேயர் டெய்சி மயர்ஸை அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

இனத்தின் பெயரால் மறுப்பதை 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுத்தது. பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதும் குற்றம் என்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1988இல்தான். பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்ட புறநகர்கள் பிள்ளைகளை வேண்டாமென்றனவா என்று வாசகர் கேட்கலாம். ஆம், வேண்டாமென்றன. அங்கே பள்ளிச் செலவில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு செலவு. நியூ ஜெர்சியின் மவுண்ட் லாரல் ஊராட்சி, புதிய அடுக்ககங்களில் ஒன்றுக்கு மேல் படுக்கையறை உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது. படுக்கையறை குறைந்தால் பிள்ளைகளும் குறைவார்கள் அல்லவா!

அவ்வூரில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர் எத்தெல் லாரன்ஸ். தம் பிள்ளைகள் அங்கேயே வாழும்படி மலிவான வீடுகள் வேண்டும் என்று அவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் வீடுகள் எழுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1994இல் காலமான லாரன்ஸ் அவற்றைப் பார்க்கவில்லை. அவர் பெயரில் இன்று 140 வீடுகள் உள்ளன. அவற்றால் குற்றங்கள் கூடவில்லை, சுற்றுப்புற வீடுகளின் விலை சரியவில்லை என்று சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் உடனாய்வாளர்களும் 2013இல் நூலாக வெளியிட்டார்கள். அப்படியொரு குடியிருப்பு பக்கத்தில் இருப்பதையே அண்டை வீட்டாரில் பலர் அறிந்திருக்கவில்லை. அங்கே குடிவந்த பிள்ளைகளுக்குப் படிக்க அமைதியான இடம் கிடைத்தது என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.