டெண்ட் கொட்டகையில் பறந்த கார்கள்

போன இதழில் நம் செயலாளர் பேஸ்மெண்டில் வண்டிகள் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஏனோ ஜெய்சங்கர் ஞாபகம் வந்துவிட்டது. உங்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் காரணம் புரியும். மற்றவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது ஊர் ஓரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து படம் பார்ப்போம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்குக்காரரும் சோடாக்காரரும் உள்ளே வருவார்கள். கார் துரத்தலின் நடுவில் ரீல் முடிந்துவிட்டால் கொட்டகையே கூச்சல் போடும்.

அந்தக் கார்களை ஓட விட்டவர்கள் எங்கள் சாலையின் மறுமுனையில் இருந்தார்கள். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் கடந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் சேலம். அங்கே ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று வண்ணப்படம், எல்லாம் அங்கே உருவானவைதான். 1963-ல் அவர் மறைந்த பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். 1965-ல் 'இரவும் பகலும்' மூலம் அறிமுகமான ஜெய்சங்கரை வைத்து 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' எடுத்தார். 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். அந்தப் படத்தில் நடித்த சகுந்தலாவுக்கு 'சி.ஐ.டி. சகுந்தலா' என்பது ஆயுசுக்கும் பெயராகிவிட்டது.

என்னைப் படத்துக்குக் கூட்டிப்போனவர் என் தாய்மாமா. வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். திரையில் மலை வளைவில் ஒரு கார் சீற, பின்னால் இன்னொன்று பறக்க, நாங்கள் விசிலடிப்போம். மாமா மட்டும் சிரிப்பார். "டேய், அது போறதே நாப்பதுலதான். பின்னாடி நடந்து போறவனைப் பாரு, அவனும் ஓடுறான்" என்பார்.

அவர் சொன்னது சரி என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சினிமா நொடிக்கு 24 படங்களாகத் திரையில் ஓடுகிறது. கேமராவில் நொடிக்கு 16 படங்களாக எடுத்து அதை 24 ஆக ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியும். 40 கிலோமீட்டரில் போகும் கார் 60-ல் போவதாகத் தோன்றும். வங்கியில் வட்டி போட்டவனுக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போயிற்று, முதல் கையைவிட்டுப் போகாமலே ஐம்பது சதவீத லாபம்!

இந்தச் சிக்கனத்துக்குக் காரணமும் உண்டு. அன்று காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். யார் புதுக் காரை உடைக்கத் தருவார்கள்? பள்ளத்தில் உருண்டு எரிவது பெரும்பாலும் பழைய கூடாகவோ பொம்மைக் காராகவோ இருக்கும்.

வெளிநாட்டில் கதை வேறு. 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கங்களில் ஃபோர்டு மஸ்டாங் ஓட்டுவார். துரத்தல் சுமார் 11 நிமிடம். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். துரத்தல் சூடுபிடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும். அப்புறம் எஞ்சின் உறுமலும் டயர் கிறீச்சிடலும்தான் காதில் விழும். 1971-ன் 'ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க்கில் மேம்பால ரயிலைக் கீழே காரில் துரத்தும் காட்சியில் ஒரு பகுதியை அனுமதி வாங்காமல், நிஜப் போக்குவரத்துக்கு நடுவே எடுத்தார்கள். வழியில் வந்த ஒருவரின் கார் மோதியே விட்டது. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் நாற்பதுதான் நல்லது என்று தோன்றும்.

அப்படித் தோன்ற ஒரு காரணம் உண்டு. எங்கள் சேலம் சாலை பிற்பாடு நான்கு வழிச் சாலையாயிற்று. ஆனால் ஊர்களைச் சுற்றிய புறவழிச்சாலைகள் மட்டும் வெகுகாலம் இரண்டு வழியாகவே இருந்தன. அகலமான சாலையில் பறந்து வருபவர்கள் அந்தக் குறுகலில் எதிரெதிரே மோதிக்கொண்டார்கள். மணல் மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்த பள்ளி நண்பன் அப்படி ஒரு இரவில்தான் போனான். எதிரே வந்தவன் முந்தப் பார்த்தானாம். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவன் மனைவி, "உங்க ரெண்டு பேர் சினிமாக் கதையத்தான் எப்பவும் சொல்லிக்கிட்டிருப்பார்" என்றார். எனக்குப் பதில் பேச வரவில்லை.

திரையில் கார் கவிழ்ந்தால் ஜெய்சங்கர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். சாலையில் அப்படி இல்லை.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினார். வளைவில் முந்தியதே கிடையாது. அவரும் இல்லை, உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் நம்முடையதைப் போலக் குடியிருப்புகள் வந்துவிட்டன. ஏற்காடு போகிறவர்கள் வழியில் அந்தப் பழைய நுழைவாயில் வளைவைப் பாருங்கள். அது இன்னும் நிற்கிறது.

ஒரு யோசனை. நம் சங்கக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை 'சி.ஐ.டி. சங்கர்' போடலாமே? முறுக்கு என் செலவு. பைக் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். விசில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். திரும்பும்போது மட்டும் பேஸ்மெண்டில் பத்து கிலோமீட்டர்தான்!