கல்லூரி ஒலிபரப்பு: அலையிலிருந்து இணையத்திற்கு

2004 பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி இதுவே. அதன் அலைகள் சில கிலோமீட்டரே செல்லும், தருமபுரிக்கு எட்டா. இந்த எல்லையை இணையம் நீக்கியது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1994 நவம்பர் 7-இல், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் வானொலி இணையத்தில் ஒலித்துவிட்டது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வானொலியை எத்தனை பேர் கேட்டாலும் ஒலிபரப்பியின் சுமை கூடுவதில்லை. இணையத்திலோ, சேவையகக் கணினி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒலியை அனுப்ப வேண்டும். ஒருவருக்கு நொடிக்கு 64 கிலோபிட் என்றால், 100 பேருக்கு 6,400 கிலோபிட்! நம் மாவட்டக் கல்லூரிகள் இத்தகைய சேவையகத்தை நிறுவ விரும்பினால், கருவியின் விலையைக் கேட்குமுன் கேட்போரின் எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும்.