நெய் படாத இலை

புறநானூற்றின் 246-ஆம் பாடலில் ஒரு பெண் ஒரு வேளைச் சாப்பாட்டை விவரிக்கிறாள். பாடியவள் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்துவிட்டான். அவள் சிதையில் இறங்கப் போகிறாள். சான்றோர் தடுக்கிறார்கள். தடுப்பவர்களிடம் அவள் தன் காதலைப் பற்றிச் சொல்வதைவிட, உயிரோடு இருந்தால் தன் இலையில் என்ன விழும் என்பதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்கிறாள். நீரைப் பிழிந்து எடுத்த பழைய சோறு ஒரு பிடி. வெள்ளரி விதைபோல் வெளுத்த நெய் அதில் படக் கூடாது. கூட வெள்ளை எள்ளை அரைத்த துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. சாப்பிட்டுப் படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக்கல் தரைதான். அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்கிறாள்.

இந்தப் பாட்டைக் கற்புக்குச் சான்றாகவே நமக்குப் பாடம் நடத்தினார்கள். சாப்பாட்டுப் பட்டியலை யாரும் நிறுத்தி வாசித்ததாக எனக்கு நினைவில்லை. நிறுத்தி வாசித்தால் ஒன்று தெரிகிறது. சோறு, எள், கீரை, புளி. விலங்கிடமிருந்து வந்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. இன்று வீகன் சாப்பாட்டுக்கு மாறலாம் என்று நினைக்கிற ஒரு மாணவி, புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறவள், எதில் தொடங்கலாம் என்று கேட்டால் ஏறக்குறைய இதே இலையைத்தான் நானும் சொல்வேன். அரை மணி நேரத்தில் முடியும், செலவு குறைவு, கடினமான கைவேலை எதுவும் இல்லை. ஆனால் தமிழில் இந்த இலை ஒரு தண்டனையாகத்தான் முதலில் எழுதப்பட்டிருக்கிறது.

‘வீகன்’ என்ற சொல்லுக்கு வயது குறைவு. 1944 நவம்பரில் இங்கிலாந்தில், போர் முடியாத காலத்தில், டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி உருவாக்கிய பெயர் அது. பின்னாளில் வாட்சனை மணந்த டோரதி மார்கனுக்கும் அந்தப் பெயரில் பங்கு உண்டு. எல்சி ஷ்ரிக்லி தொடக்கத்திலிருந்தே உடனிருந்தவர். 1946-இல் ஃபே ஹெண்டர்சன் வீகன் சமையல் குறிப்புகளை ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். கொள்கையை அறிவித்துவிட்டுப் போய்விட முடியாது, காலையில் அடுப்பில் எதை வைப்பது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த வேலை அங்கேயும் பெண்ணிடம்தான் வந்து சேர்ந்தது. ஆனாலும் அவர்களிடம் ஒன்று இருந்தது. பாலும் முட்டையும் பாலாடைக்கட்டியும் ரேஷனில் அளந்து கிடைத்த நாளில், தமக்குச் சேர வேண்டியதை வேண்டாம் என்று அவர்களாகவே சொன்னார்கள்.

பெருங்கோப்பெண்டிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவள் தனியாகவும் இல்லை. 248-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறார். சின்ன வயதில் தழையாடையாக உதவிய அதே ஆம்பல், கணவன் இறந்த பின் அல்லியரிசியாக, நேரம் தப்பி உண்ணும் உணவாக ஆகிவிட்டது. 159-ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தன் மனைவியைக் காட்டுகிறார். கைக்குழந்தைக்காரி. குப்பைமேட்டில் முளைத்த கீரையை, ஏற்கெனவே கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த கொழுந்தை, பறித்து வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். மோரும் இல்லை, சோறும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வீட்டில் அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திவிட்டுத்தான் குடும்பத்துக்குப் பரிமாறுகிறாள். பாணர் வறுமையைப் பற்றி எத்தனையோ பாட்டுகள் இருந்தாலும், சாத்திய அந்தக் கதவு என் மனதில் தனியாக நிற்கிறது. வறுமை எல்லோருக்கும் பொது. அதை மறைக்கும் பொறுப்பு மட்டும் சமைக்கிறவளுக்கு.

வேளைக்கீரை இழிவான கீரை என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. அதே புறநானூற்றில் 215-ஆம் பாடல் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் பாடியது. ஆயர் பெண் ஒருத்தி, குற்றிய வரகரிசியோடு வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் சேர்த்துப் புளிப்பான கூழ் ஆக்குகிறாள். அவரை கொய்கிறவர்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். செடி ஒன்றுதான். தயிர் சேர்ந்தால் விருந்து, சேராவிட்டால் கைம்மை. இந்தப் பாட்டுகள் எல்லாமே உணவை அதில் இல்லாததைக் கொண்டு விவரிப்பதையும் கவனிக்கலாம். நெய் இல்லை, மோர் இல்லை, உப்பு இல்லை. இன்றைய வீகன் சமையல் குறிப்புகளும் பாலுக்குப் பதில் இது, நெய்க்குப் பதில் அது என்று அதே பழக்கத்தில்தான் பேசுகின்றன.

பாலும் நெய்யும் வீட்டுக்குள் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதைத் தனி வரலாறாகவே எழுதலாம். ஆண்கள் முதலில், பிள்ளைகள் அடுத்து, மிச்சத்தில் பெண்கள் என்பது சாதி கடந்த ஏற்பாடு. கைம்பெண்களுக்கு இன்னும் கடுமை. பிராமணக் குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு, ஏகாதசிப் பட்டினி, வெங்காயம் பூண்டு கூடாது என்ற விதிகள் இருந்தன. தான் சாப்பிடக் கூடாத பலவற்றை வீட்டாருக்குச் சமைத்துப் போட்டதும் பெரும்பாலும் அதே கைம்பெண்தான்.

புதிதாகச் சமைப்பவர்களுக்கான தமிழ்ப் புத்தகம் என்றாலே நினைவுக்கு வருகிற ‘சமைத்துப் பார்’ இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் பாகம் 1951-இல் வந்தது. எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதில் கணவரை இழந்தவர். தன் கைப்பக்குவத்தைத் தானே அச்சில் ஏற்றினார். மணமகளுக்குச் சீர்வரிசையோடு அந்தப் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மங்கல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட நிலையில் இருந்த ஒருத்தியின் பெயர், கல்யாணப் பெட்டிக்குள் ஏறி ஊர் ஊராகப் போனது. அவர் கற்றுக்கொடுத்தது நெய்யும் தயிரும் உள்ள பிராமணச் சமையல்தான். கூழும் களியும் அந்த அடுப்படியில் இல்லை. அவற்றை யாரும் புத்தகமாக எழுதிக் கல்யாணத்துக்குக் கொடுக்கவும் இல்லை. வயலுக்குப் போகும் பெண் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டதைச் ‘சைவம்’ என்று எவரும் மெச்சியதில்லை. பால், நெய், தயிரோடு இருந்தால்தான் இங்கே சைவத்துக்குக் கௌரவம்.

நெய் இல்லாமலும் கௌரவமான விருந்து உண்டு என்பதற்குத் திருநெல்வேலிச் சொதி சாட்சி. பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தாளிப்பில் நெய் விடாவிட்டால் முழு வீகன். ஆனால் தேங்காயைத் துருவி, மூன்று தடவை பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் திரியாமல் சேர்ப்பது யாருடைய கை?

‘எளிய சாப்பாடு’ என்ற சொல்லில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். கம்மங்கூழ் எளியது என்கிறோம். கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, உமி புடைத்து, மறுபடி குத்தி, இடித்து, புளிக்கவைத்து, அடுப்படியில் நின்று துழாவிக் கிண்டினால்தான் அது கூழ். எள் துவையல் எளியதுதான், அம்மியில் குனிந்து அரைக்கிறவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஊருக்கு அரிசி மில் வந்து, 1950-களில் கோயம்புத்தூரில் கிரைண்டர் உருவாகி, பிறகு மிக்சியும் வந்த பின்தான் இந்தச் சாப்பாடு சமைப்பவளுக்கும் எளிதானது. அதற்குள் கேழ்வரகும் கம்பும் ஏழை வீட்டுத் தட்டிலிருந்து போய், ரேஷன் அரிசி வந்துவிட்டது. இன்று சிறுதானியம் அழகான பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. உலக்கை பிடித்த பாட்டியின் படம் சில நேரம் அந்தப் பாக்கெட்டின் மேல் இருக்கிறது.

இன்னொரு வகை வீகன் சாப்பாடும் கிராமங்களில் உண்டு. விடியற்காலையில் மாட்டைக் கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, வரக்காப்பி குடிக்கும் பெண்கள். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி பாலைப் பணமாக்கியது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் கறந்தவள் வீட்டில் மோர்ப் பானை காலியானது. அவள் காப்பியில் பால் இல்லாததற்குக் காரணம் கொள்கை அல்ல, லிட்டர் கணக்கு.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்த இலையை மறுபடி சமைக்கலாம் என்பதே என் எண்ணம். மாட்டுக்காகவோ உடம்புக்காகவோ செலவுக்காகவோ, காரணம் அவரவருடையது. வேளை என்பது நல்வேளை. வெள்ளைப் பூ பூக்கும், வேலியோரம் தானாக முளைக்கும். மஞ்சள் பூ பூப்பது நாய்வேளை, வேறு செடி. சந்தையில் நல்வேளை கிடைப்பது அரிது, அரைக்கீரையோ முளைக்கீரையோ போதும். ஒரு கட்டை ஆய்ந்து மூன்று தண்ணீரில் அலசி, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், சுண்டைக்காய் அளவு புளியோடு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். பெருஞ்சித்திரனார் வீட்டில் இல்லாத உப்பு, கைம்பெண்ணுக்கு விலக்கிய வெங்காயம், பூண்டு எல்லாம் நம் சட்டியில் இருக்கட்டும். துவையலுக்கு அரைக் கப் வெள்ளை எள்ளை வெறும் சட்டியில், வெடிக்கத் தொடங்கும் வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் கசக்கும். மூன்று வரமிளகாய், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துச் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையலாம். ஒரு நாள் எள்ளுக்குப் பதில் கொள்ளு, மறுநாள் நிலக்கடலை. பயறோ தட்டைப்பயறோ போட்ட புளிக்குழம்பு ஒன்று பழகிக்கொண்டால் வாரம் ஓடிவிடும்.

இலை நிறைவதால் உடம்பும் நிறைந்துவிடாது. பி12 வைட்டமின் செடிகொடிகளிலிருந்து நமக்குக் கிடைப்பதில்லை. அது 1948-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. 1944-இல் தொடங்கிய வீகன்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று நமக்குத் தெரியும். பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவர் மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய சோறு அந்த வேலையைச் செய்யும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெரும்பாலோர் வீகன் அல்ல. கீரையிலும் எள்ளிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஏற எலுமிச்சைச் சாறு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ தடுக்கும். கீரை இல்லாத நாளில் பருப்பாவது கெட்டியாக இருக்க வேண்டும்.

மேலே சொன்ன அளவு மூன்று பேருக்கு. வீட்டில் நான்கு பேர் என்றால் எள் முக்கால் கப், கீரை இரண்டு கட்டு. சமைத்தவருக்கும் சேர்த்துத்தான் நான்கு. துவையல் முதலில் தீர்ந்துபோகும் பண்டம். பரிமாறுவதற்கு முன் அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.