மாற்று டயர் (எஸ்யூவி கார், வடசென்னை)

காருடன் கம்பெனியிலிருந்து வந்த டயர் தேய்ந்தோ, வயதாகியோ, அடிபட்டோ கழிந்தபின் அதனிடத்தில் போடப்படும் புதிய டயர் மாற்று டயர் எனப்படும். காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தை ஒட்டி நீளும் வடசென்னையில் ஓடும் கிரெட்டா, வென்யூ, நெக்ஸான், பிரெஸா, செல்டோஸ் போன்ற வண்டிகளுக்கான டயர்த் தேர்வைப் பற்றியது இக்கட்டுரை. இவை ஜீப்பின் வழிவந்தவை அல்ல. கார் அடித்தளத்தின்மேல் உயரமான உடலைக் கட்டி எழுப்பிய கிராஸ்ஓவர் வகை. எனவே இவற்றுக்கு வேண்டியது காரின் சாலைப் பிடிப்பும், காரைவிடச் சற்றுக் கூடுதலான எடையைத் தாங்கும் வலுவும் உள்ள டயர்.

ஆல் சீசன் என்னும் பெயர்

டயர் வாங்கப் போகிறவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘ஆல் சீசன்’. வட அமெரிக்காவின் தட்பவெப்பத்துக்காக எழுந்த பெயர் இது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரோ கோடையில் விரைவாகத் தேய்ந்துபோகும். ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்ற விரும்பாதவர்களுக்காக இரண்டுக்கும் நடுவே செய்த சமரசமே ஆல் சீசன் டயர். பக்கச்சுவரில் காணும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற குறி சேற்றையும் பனியையும் குறிக்கும். டயரில் தரையைத் தொடும் வரிப்புடைப்பான பட்டனின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளர் தாமே இட்டுக்கொள்வது அது. மூன்று சிகரம் கொண்ட மலையும் நடுவில் பனிச்சில்லும் வரைந்த குறிதான் பனியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம்.

சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. பனிக்கென்று விட்டுக்கொடுத்து இங்கே பெறுவதற்கு எதுவும் இல்லை. சென்னையிலேயே தயாரான கார்கள் இதைத் தெளிவாகக் காட்டின. 2018-ல் அமெரிக்கச் சந்தைக்குப் போன ஃபோர்டு ஈகோஸ்போர்ட் மறைமலைநகரில் செய்யப்பட்டுக் கப்பலேறிய வண்டி. அங்கே அது ஆல் சீசன் டயரில் ஓடியது. அதே ஆலையிலிருந்து உள்ளூர்ச் சாலைக்கு வந்த வண்டியில் இந்திய வெப்பத்துக்கான சாதாரண டயர் இருந்தது. வடசென்னைக்காரருக்கு எல்லாப் பருவமும் என்றால் கொதிக்கும் தாரும் தேங்கும் நீரும்தான். அந்த இரண்டையும் தாங்கும் டயர் எதுவோ அதுவே இங்கே ஆல் சீசன். பக்கச்சுவரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை.

திருவொற்றியூரின் டயர்

டயருக்கும் இப்பகுதிக்கும் உள்ள உறவு நுகர்வோர் என்ற அளவில் நிற்பதன்று. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் அவரது நிறுவனம் தேய்ந்த டயரின்மேல் ஒட்டும் ரப்பர் பட்டைத் தயாரிப்புக்கு மாறியது. 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் திருவொற்றியூரில் டயர் உருவானது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயர் எம்.ஆர்.எஃப். என்று சுருங்கி நாடெங்கும் பரவியது. 1963-ல் அங்கு அமைந்த ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. மேலைநாட்டுச் சாலைக்கு வகுத்த டயரை இந்திய வெயிலுக்கும் பாரத்துக்கும் குழிக்கும் ஏற்பத் திருத்தும் வேலைதான் அந்தத் தலைமுறைப் பொறியாளர்களின் பெரும்பாடு. பின்னாளில் ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தெர்வாய்கண்டிகையில் மிஷலின், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சியட் என்று ஆலைகள் சென்னையைச் சுற்றி எழுந்தன. டயருக்குப் பெயர்பெற்ற இந்த மண்ணின் சாலைகளிலேயே டயரின் ஆயுள் குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

சாலை

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் காரைவிடக் கன்டெய்னர் டிரெய்லருக்கே ஆட்சி. துறைமுக வாயிலை நோக்கி வரிசைகட்டி நிற்கும் பாரவண்டிகள் தாரை அழுத்திப் பள்ளமாக்குகின்றன. மழையில் அந்தப் பள்ளத்தின் ஆழம் தெரிவதில்லை. பழைய இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து ஆணி, கம்பி, தகட்டுத் துண்டு உதிர்கின்றன. இவை ஓரத்துக்கு ஒதுங்குவதால், டிரெய்லருக்கு வழிவிட்டு இடப்பக்கம் ஒதுங்கும் காருக்குத்தான் பஞ்சர். குத்திய ஆணி டியூப்லெஸ் டயரில் அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று நாள்கணக்கில் மெல்ல இறங்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாமலே போகலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் சுற்றுப்புறத்துக்கு வேறொரு சிக்கல். விடியற்காலை ஏலம் முடிந்து மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய வண்டிகள் புறப்படும்போது உப்புநீர் சாலையில் வழிகிறது. மீன்கழிவின் பிசுக்கும் கடலோர மணலும் அதோடு சேர, மழையே இல்லாத நாளிலும் சாலை ஈரச்சாலையாகிறது. உப்பு ரப்பரைத் தின்பதில்லை. சக்கரத்தின் டிஸ்க்கைத் தின்கிறது. டயரின் விளிம்பு டிஸ்க்கோடு ஒட்டி உட்காரும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டால் காற்று அங்கே கசியும். டயர் கடைக்காரர் எத்தனை முறை தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தாலும் டயரில் ஓட்டை கிடைக்காத கேஸ்களில் பல இப்படிப்பட்டவை. புது டயர் போடும்போது டிஸ்க்கின் உள்விளிம்பைச் சுரண்டித் துடைக்கச் சொல்வதும், வால்வைப் புதிதாக மாற்றுவதும் இப்பகுதியில் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும்.

வெள்ளம் தனிக்கதை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். அப்படிப்பட்ட நீரில் நின்ற டயரைச் சோப்புநீரால் கழுவி, பக்கச்சுவர் உப்பியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

பக்கச்சுவரைப் படித்தல்

கிரெட்டாவின் உயர்ரக மாடல்களில் உள்ள 215/60 ஆர்17 96எச் என்ற அளவை எடுத்துக்கொள்ளலாம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆக உயரம் 129 மில்லிமீட்டர். ஆர் ரேடியலைக் குறிக்கும். 17 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். 96 என்ற பாரக் குறியீட்டுக்குப் பொருள், ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதன் வேக வரம்பு. வேக எழுத்தைக் கண்டு மயங்கிப் பாரக் குறியீட்டில் இறங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. 91 என்றால் 615 கிலோதான். குடும்பத்தோடும் மூட்டையோடும் திருப்பதிக்குப் போகும் எஸ்யூவியில் நான்கு சக்கரத்துக்குமாகச் சேர்த்து அது 380 கிலோ இழப்பு. கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. பேட்டரிக் கார்களுக்கு எடை அதிகம் என்பதால் இது இன்னும் கண்டிப்பு.

அழகுக்காகப் பெரிய டிஸ்க் போடும் பழக்கம் இங்கே பரவிவருகிறது. 17 அங்குலத்தைக் கழற்றி 215/55 ஆர்18 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது. ஆனால் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 118-க்குக் குறைகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் டயருக்குள் இருக்கும் நூலிழை அறுந்து பக்கச்சுவர் வீங்கும், அலாய் டிஸ்க் வளையும். டிரெய்லர் ஓடும் சாலையில் குடியிருப்பவர் இந்த மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

தயாரான தேதி நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கமாக இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இந்தியாவில் விற்கும் கார் டயருக்குச் சட்டப்படி தேவை. சில டயர்களில் அமெரிக்க முறைத் தரக்குறிகளும் இருக்கும். அவற்றில் ‘டிராக்‌ஷன்’ என்பது நனைந்த தரையில் பிரேக் பிடிக்கும் திறன், ‘டெம்பரேச்சர்’ என்பது சூட்டைத் தாங்கும் திறன். வடசென்னை வாசகர் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். உழைப்பைக் காட்டும் ‘டிரெட்வேர்’ எண்ணைக் கடைசியில் பார்க்கலாம். ஈரத்தில் பிடிப்பு, உருளும் தடை, இரைச்சல் ஆகியவற்றுக்கு வரம்பு விதித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் அறிவிக்கை வெளியிட்டது.

பட்டனும் ரகமும்

எஸ்யூவி டயர்கள் பொதுவாக ஹெச்.டி., ஏ.டி. என இரு ரகம். முதலாவது நெடுஞ்சாலைக்கு, இரண்டாவது மண்ணுக்கும் தாருக்கும் பொதுவானது. எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ ஆப்டெரா, சியட் கிராஸ்டிரைவ், யோகோஹாமா ஜியோலேண்டர் போன்றவை எஸ்யூவிக்கென்றே விற்கப்படும் வரிசைகள். ஒரே பெயரில் இரு ரகமும் வருவதுண்டு என்பதால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது. ஏ.டி. டயரின் தடித்த பட்டன் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் கூடும், மைலேஜ் குறையும், நனைந்த தாரில் பிரேக் தூரம் பெரும்பாலும் நீளும். தோப்புக்கும் வயலுக்கும் வாரம்தோறும் போகிறவருக்கு அது சரி. தண்டையார்பேட்டையிலிருந்து அலுவலகம் போய்வருபவருக்கு அகலமான நீள்பள்ளங்கள் மூன்று நான்கு ஓடும் ஹெச்.டி. ரகமே பொருத்தம். நீரை வாரி வெளியே தள்ளுபவை அந்தப் பள்ளங்கள்தான்.

நீர்மேல் டயர் மிதந்து ஸ்டியரிங் கேட்காமல் போகும் வேகத்தை நாசா 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்தது. மழுங்கிய டயர் அல்லது பட்டனை மீறித் தேங்கிய நீர் என்றால் அந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 33 பி.எஸ்.ஐ.-யில் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர், 25 பி.எஸ்.ஐ.-யில் 83. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் மழைநாளில் போகிறவருக்கு இந்த 13 கிலோமீட்டர் வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. ஆணி குத்தி மெல்லக் காற்றிறங்கிய டயரோடு போவது எவ்வளவு ஆபத்து என்பதும் இதிலிருந்து விளங்கும்.

எப்போது, எங்கே, எப்படி

மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. டயரின் நீள்பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டின் அளவுக்குப் பட்டன் தேய்ந்தால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். புது டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். வடசென்னையில் அந்த எல்லைவரை காத்திருப்பது தவறு. ஆவணி, புரட்டாசியில் பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் அப்படியே இருந்தாலும், வெயிலில் நின்று பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு கண்டுவிட்டால் அந்த டயர் முடிந்தது. ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டுவது வழக்கமாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. நான்கையும் சேர்த்து மாற்றத் தயங்கியவர்களுக்கு இது உதவி. இரண்டு மட்டுமே வாங்க முடிந்தால் புதியவற்றைப் பின்சக்கரத்தில் போட வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் இதுவே முறை. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பல கடைகளில் மாற்றிச் சொல்வார்கள். வாங்குபவர் கேட்டுப் போடச் சொல்ல வேண்டும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது டயர்க் கடைகளும், புதுப்பேட்டையில் பழைய சரக்கும் கிடைக்கும். விபத்தில் உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய டயரின் உள்காயம் வெளியே தெரியாது. அதை எஸ்யூவிக்குப் போடுவது சிக்கனம் ஆகாது. பொருத்தியபின் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்ய வேண்டும். காற்றை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. பட்டனில் ஏற்பட்ட பஞ்சரை உள்ளிருந்து ஒட்டுவது நிலைக்கும், வெளியிலிருந்து திணிக்கும் ரப்பர் திரி தற்காலிகம். பக்கச்சுவரில் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவே கூடாது. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் பொருளும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் கார் விற்கலாம் என்று 2020-ல் விதி தளர்ந்தது. பள்ளத்தில் பக்கச்சுவர் கிழியும் ஊரில் ஸ்டெப்னி உள்ள வண்டியே கைகொடுக்கும்.

கழித்த டயர்

கழற்றிய டயர்களில் ஒரு பகுதி காசிமேட்டு விசைப்படகுகளின் பக்கவாட்டில் தொங்கி, படகுகள் ஒன்றோடொன்று உரசாமல் காக்கிறது. மீதியைத் தயாரிப்பாளரே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கும் முறை 2022-ல் சட்டமானது. எனவே பழைய டயரைக் கடையிலேயே ஒப்படைப்பது நல்லது. போகியில் டயர் கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. மொட்டைமாடியில் போட்டுவைத்தால் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டிலேயே வைத்திருக்க நேர்ந்தால் நீர் தங்காதபடி டயரில் துளையிட்டு, கூரைக்கு அடியில் வைக்க வேண்டும்.