பிடிவாதக்கார அரசன் கிரியோன்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஆணவத்தால் அழிந்த அரசன் என்றதும் பலருக்கு ஈடிபஸ்தான் ஞாபகத்துக்கு வருவான். எனக்கு அவனைவிடப் பொருத்தமாகத் தெரிவது அவன் மைத்துனன் கிரியோன். சோபக்ளிஸ் எழுதி, கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய 'ஆன்டிகனி' நாடகத்தின் அரசன் இவன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக... ஈடிபஸின் இரு மகன்களும் தீப்ஸ் நகரத்து அரியணைக்காக மோதி ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். தாய்மாமன் கிரியோன் அரசனாகிறான். நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். படையெடுத்து வந்த பாலினைசிஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும். மீறிப் புதைத்தால் மரணம். உடன்பிறந்தவள் ஆன்டிகனி மீறுகிறாள்.

இந்த ஆணை ஏதென்ஸ்காரர்களுக்கு முற்றிலும் புதியதல்ல. அவர்கள் சட்டப்படியே துரோகியை அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் வெற்றி தேடித்தந்த தெமிஸ்டோக்ளிஸ் பின்னாளில் துரோகிப் பட்டம் வாங்கியதால், அவர் எலும்புகளை உறவினர் ரகசியமாகப் புதைத்ததாகச் சொன்னார்கள் என்று துசிடிடிஸ் எழுதுகிறார். ஆனால் அந்தத் தடை அட்டிகா எல்லையோடு சரி. எங்குமே புதைக்கக் கூடாது என்பது கிரியோன் சேர்த்தது!

அதனால் அவனை வெறும் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. உறவைவிட நகரம் பெரிது என்று அவன் ஆரம்பத்தில் பேசுவது நியாயமாகத்தான் இருக்கிறது. சறுக்கல் பிறகு வருகிறது. ஆன்டிகனியை மணக்கவிருந்த அவன் மகன் ஹீமோன், ஊர் அவள் பக்கம் முணுமுணுக்கிறது என்று பணிவாகவே சொல்லிப் பார்க்கிறான். ஊர் ஆள்பவனுக்குச் சொந்தம் என்று அப்பா வாதாடுகிறார். கி.மு. 510இல் ஹிப்பியாஸ் என்ற கொடுங்கோலனை விரட்டிவிட்ட ஊரின் மக்கள் இதைக் கேட்டு எப்படி நெளிந்திருப்பார்கள்!

அடுத்து குருட்டு ஞானி டைரீசியஸ் வந்து எச்சரிக்கிறார். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்று அவரையும் ஏசுகிறான்.

நாடகத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதற்குப் பின்தான். கிரியோன் கடைசியில் இறங்கி வருகிறான்! முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடுவி, பிறகு உடலை அடக்கம் செய் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவனோ வரிசையை மாற்றி, முதலில் பாலினைசிஸை எரித்து மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். ஏன் என்று சோபக்ளிஸ் விளக்கவில்லை. செத்தவனுக்குச் சடங்கு செய்வது சுலபம், தான் தண்டித்த பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்பது என் ஊகம்.

போனபோது ஆன்டிகனி தூக்கில். ஹீமோன் அப்பாவை வெட்டப் பாய்ந்து, குறி தவறி, அதே வாளில் விழுகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிஸி கணவனைச் சபித்தபடி உயிரை விடுகிறாள்.

கிரியோன் மட்டும் சாகவில்லை. ஆணைகளாகப் போட்டுத் தள்ளியவன், தன்னை அங்கிருந்து கூட்டிப் போகும்படி வேலைக்காரர்களிடம் கெஞ்சுகிறான்.